சத்தியம் வாங்குவதை நிறுத்துவோம்

குடிப்பவரைப் பங்குத்தந்தையிடம் அழைத்து வந்து, பீடத்தின் முன்போ மாதா கெபியின் முன்போ நிறுத்தி, இனிக் குடிப்பதில்லை என்று சத்தியம் செய்ய வைக்கும் வழக்கம் நம் பங்குகளில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. தவக்காலத் தொடக்கத்திலும், பாதுகாவலர் திருவிழாவிற்கு முன்பும், வீட்டில் பெண்ணுக்குத் திருமண ஓலை வாசிக்கப்படும் வாரத்திலும் இது மும்முரமாக நடைபெறுகிறது. மனைவி விம்மியபடி நிற்கிறார். தாய் மெழுகுதிரி ஏற்றுகிறார். ஊர்ப் பெரியவர் இருவர் சாட்சிக்கு வந்திருக்கின்றனர். அம்மனிதர் நடுங்கும் கையைத் திருவிவிலியத்தின் மேல் வைக்கிறார். இரண்டு நிமிடங்களில் அனைத்தும் முடிந்துவிடுகிறது. எல்லோரும் நிறைவோடு வீடு திரும்புகின்றனர்.

அந்தக் கை ஏன் நடுங்கியது என்று மட்டும் எவரும் கேட்பதில்லை. பக்தியால் நடுங்கியதென்று சிலர் எண்ணக்கூடும். குற்ற உணர்வால் என்று சிலர் எண்ணக்கூடும். பெரும்பாலும் அந்நடுக்கம் நோயின் அறிகுறி. முந்திய இரவு உட்கொண்ட மதுவின் அளவு இரத்தத்தில் குறைந்ததால் நரம்புகள் எழுப்பும் கூக்குரல் அது. மருத்துவரிடம் காட்டவேண்டிய கையை நாம் மறைநூலின் மேல் வைத்துச் சத்தியம் வாங்குகிறோம்.

இவ்வழக்கம் பயனற்றது என்று சொல்லி நிறுத்திக்கொள்ள என்னால் இயலவில்லை. இது தீங்கானது, உடலுக்கும் ஆன்மாவிற்கும் தீங்கானது. எனவே இதை நாம் கைவிட வேண்டும். கைவிட்ட இடத்தில், மறுவாழ்வுச் சிகிச்சைக்கு மனிதரை அழைத்துச் செல்லும் புதிய வழக்கத்தை வளர்க்க வேண்டும். இதுவே இக்கட்டுரையின் வாதம்.

சத்தியம் உயிரைப் பறிக்கலாம்

குடிப்பவர் எல்லோரும் நோயாளிகள் அல்லர். 2019-ஆம் ஆண்டு நடுவண் அரசு, எய்ம்ஸ் மருத்துவ நிறுவனத்தின் வாயிலாக நடத்தி வெளியிட்ட ஆய்வு, நம் நாட்டில் மது அருந்துவோர் ஏறத்தாழ 16 கோடிப் பேர் என்றும், அவர்களுள் மதுவுக்கு அடிமைப்பட்டோர் ஏறத்தாழ 2.9 கோடிப் பேர் என்றும் கணக்கிட்டது. எப்போதோ ஒருநாள் நண்பர்களுடன் குடிப்பவர் சத்தியம் செய்து நிறுத்தினால் அவர் உடலுக்கு ஒன்றும் நேராது. ஆனால் அத்தகையவரை யாரும் நம்மிடம் இழுத்து வருவதில்லை. நம்மிடம் வருபவர் காலையில் பல் துலக்குமுன்பே குடிப்பவர். குடிக்காவிடில் கையெழுத்துப் போட இயலாதவர். சத்தியத்தின் ஆபத்து அவருக்கே உரியது.

காரணம் எளியது. மது மூளையின் இயக்கத்தை அமுக்குகிறது. ஆண்டுக்கணக்கில் அவ்வமுக்கத்திற்கு ஆளான மூளை, அதை ஈடுசெய்யத் தன் விழிப்பைக் கூட்டிக்கொள்கிறது. மது திடீரென நிற்கும்போது அமுக்கம் நீங்கிவிடுகிறது. கூட்டிக்கொண்ட விழிப்பு மட்டும் எஞ்சுகிறது. கடைசியாகக் குடித்த சில மணி நேரத்திலேயே நடுக்கம், வியர்வை, குமட்டல், உறக்கமின்மை தொடங்குகின்றன. முதல் இரண்டு நாட்களுக்குள் சிலருக்கு வலிப்பு வருகிறது. இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையே சிலருக்குச் சித்தம் கலங்கி, இல்லாத உருவங்கள் தோன்றுகின்றன, சுவரில் பூச்சிகள் ஊர்கின்றன, காய்ச்சல் ஏறுகிறது, நாடித்துடிப்பு தறிகெட்டு ஓடுகிறது. சிகிச்சையின்றி விட்டால் இந்நிலை மரணத்தில் முடியலாம்.

இது எல்லோருக்கும் நேர்வதன்று. ஒரு சிறு பகுதியினருக்கே நேர்கிறது. எவருக்கு நேரும் என்பதை மருத்துவர் கணிக்கலாம். பங்குத்தந்தையோ ஊர்ப் பெரியவரோ கணிக்க இயலாது. சத்தியம் செய்த மூன்றாம் இரவில் ஒருவர் பிதற்றத் தொடங்கும்போது குடும்பத்தார் என்ன நினைக்கின்றனர்? சத்தியத்தை மீற முயன்றதால் மாதா தண்டித்துவிட்டார் என்கின்றனர். அல்லது பேய் பிடித்துவிட்டது என்று சொல்லி வேறொரு திருத்தலத்திற்குத் தூக்கிச் செல்கின்றனர். மருத்துவமனைக்குக் கொண்டு போயிருந்தால் அளவாகக் குறைத்துக்கொண்டே வரும் அமைதி மருந்துகளாலும், தயமின் எனப்படும் பி1 வைட்டமின் ஊசியாலும், நீர்ச்சத்தாலும் சில நாட்களில் தெளிவு பெற்றிருப்பார். தயமின் குறைபாடு கவனிக்கப்படாது போனால் நினைவாற்றலே நிலையாக அழிந்துபோகக்கூடும். நற்கருத்தோடு வாங்கிய சத்தியம் ஒரு மனிதரின் உயிரையோ நினைவையோ விலையாகக் கேட்கிறது என்றால், நற்கருத்தைச் சொல்லி நாம் தப்பித்துக்கொள்ளலாகாது.

சத்தியம் மனிதரை மறைய வைக்கிறது

ஆன்மாவின் பக்கம் வருவோம். 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, 1191-ஆம் எண்ணில் வாக்குறுதி எனும் நேர்ச்சையைப் பற்றிப் பேசுகிறது. அது சிந்தித்துச் செய்யப்படவேண்டும், உரிமையோடு செய்யப்படவேண்டும், செய்பவரால் இயலக்கூடிய நன்மையைப் பற்றியதாக இருக்கவேண்டும். கடுமையான அநீத அச்சத்தால் பெறப்பட்ட வாக்குறுதி சட்டப்படியே செல்லாது. வலிந்து பெறப்பட்ட ஆணையைப் பற்றியும் 1200-ஆம் எண் அவ்வாறே கூறுகிறது. மைத்துனர்மார் இருவர் தோளைப் பிடித்துக்கொண்டிருக்க, மாமனார் முறைத்துக்கொண்டிருக்க, பாதி மயக்கத்தில் செய்யப்படும் சத்தியத்தில் சிந்தனை எங்கே? உரிமை எங்கே? அடிமைப்பட்டவர் அதே கணத்திலிருந்து தனியொருவராய்க் குடியை நிறுத்துவது அவரால் இயலக்கூடிய நன்மைதானா?

இதைவிடப் பெரிய தீங்கு ஒன்று உண்டு. சத்தியம் செய்தவர் பத்தாம் நாள் மீண்டும் குடிக்கிறார். முன்பு அவர் குடிகாரர் மட்டுமே. இப்போது கடவுளுக்குக் கொடுத்த வாக்கை முறித்தவரும் ஆகிவிடுகிறார். கோவிலுக்குள் நுழைய அஞ்சுகிறார். பங்குத்தந்தை வரும் தெருவைத் தவிர்க்கிறார். ஒப்புரவு அருட்சாதனத்தை அணுக வெட்கப்படுகிறார். அந்த வெட்கத்தை மறக்க மீண்டும் குடிக்கிறார். உதவி மிகமிகத் தேவைப்படும் நாளில் அவரை உதவியிடமிருந்து துரத்திவிடும் கருவியாகச் சத்தியம் மாறிவிடுகிறது.

இதற்கு நேர்மாறான ஒரு வழியை அருட்சகோதரி ஒருவர் நமக்குக் காட்டிச் சென்றிருக்கிறார். அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் 1935-ஆம் ஆண்டு, பில் வில்சன், மருத்துவர் பாப் ஸ்மித் என்ற இரு குடிநோயாளிகளின் சந்திப்பிலிருந்து ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்னும் இயக்கம் பிறந்தது. அக்காலத்தில் மருத்துவமனைகள் குடிநோயாளிகளைச் சேர்த்துக்கொள்ள மறுத்தன. 1939-இல் அந்நகரின் புனித தோமா மருத்துவமனையில் சேர்க்கைப் பிரிவைக் கவனித்து வந்த சகோதரி இக்னேசியா, மருத்துவர் பாப்புடன் கைகோத்து அவர்களுக்குக் கதவைத் திறந்தார். தொடக்கத்தில் வயிற்று நோய் என்று பதிவேட்டில் எழுதியே சேர்க்க வேண்டியிருந்தது. சிகிச்சை முடிந்து செல்பவர் ஒவ்வொருவருக்கும் அவர் இயேசுவின் திரு இருதயச் சின்னம் ஒன்றைக் கொடுத்தார். மறுபடியும் குடிக்க எண்ணினால், குடிப்பதற்கு முன்னே அதைத் தம்மிடம் திருப்பித் தந்துவிட வேண்டும் என்பதே அவர் விதித்த ஒரே நிபந்தனை.

இந்த நிபந்தனையின் ஞானத்தை எண்ணிப் பாருங்கள். சோதனை வரும் வேளையில் அது மனிதரை ஓடி ஒளியச் சொல்லவில்லை. அவரிடமே திரும்பி வரச் சொன்னது. நாம் வாங்கும் சத்தியம் தவறியவருக்குக் கதவை அடைக்கிறது. அவர் கொடுத்த சின்னம் தவறப்போகிறவருக்குக் கதவைத் திறந்து வைத்தது.

மேட் டால்பட் சத்தியம் செய்யவில்லையா?

இவ்விடத்தில் வாசகர் சிலர் எதிர்வாதம் ஒன்றை எழுப்புவர். டப்ளின் நகரத் தொழிலாளியான வணக்கத்துக்குரிய மேட் டால்பட் 1884-இல் மதுவிலக்கு வாக்குறுதி எடுத்து, 1925-இல் இறக்கும்வரை 40 ஆண்டுகளுக்கும் மேலாகக் குடிக்கவே இல்லையே என்பர். உண்மைதான். அவர் வாழ்வை முழுமையாகப் படிப்போம். அவரை எவரும் இழுத்துச் செல்லவில்லை, தாமாகச் சென்றார். வாழ்நாள் முழுமைக்குமாக முதலிலேயே வாக்களிக்கவில்லை. மூன்று மாதங்களுக்கே வாக்களித்தார். மாலைவேளைகளை மதுக்கடைக்குப் பதிலாக ஆலயத்தில் செலவிட்டார். கடையைக் கண்டால் கால் நிற்கிறது என்று அறிந்து, கையில் பணம் வைத்துக்கொள்வதையே விட்டார். பழைய கடன்களை அடைத்தார். நாள்தோறும் திருப்பலி கண்டார். ஆன்ம வழிகாட்டியின் சொற்படி நடந்தார். ஒரு நாளின் ஒவ்வொரு மணி நேரத்தையும் அவர் மாற்றி அமைத்தார். இன்றைய மறுவாழ்வு மையங்கள் கற்றுக்கொடுக்கும் பாடங்களும் இவையே. அவரது வாழ்வில் சத்தியம் மட்டும் நம் கண்ணில் படுகிறது. சத்தியத்தைத் தாங்கிய வாழ்க்கைமுறை படுவதில்லை.

அதே அயர்லாந்தின் மற்றொரு வரலாறும் உண்டு. கப்புச்சின் சபைக் குரு தியோபால்டு மாத்யூ 1838-இல் கார்க் நகரில் தொடங்கிய மதுவிலக்கு இயக்கத்தில் இலட்சக்கணக்கானோர் திரள் திரளாக வாக்குறுதி எடுத்தனர். சில காலம் நாடே மாறியதுபோலத் தோன்றியது. பெரும் பஞ்சம் வந்தது, அவரும் நோயுற்றார், இயக்கம் தளர்ந்தது. வாக்குறுதி எடுத்தோரைத் தொடர்ந்து தாங்கும் அமைப்பு போதிய அளவு கட்டப்படவில்லை. அந்தத் துறவி மறைந்த 1856-ஆம் ஆண்டில்தான் மேட் டால்பட் பிறந்தார். 12 அல்லது 13 வயதிலேயே குடிக்கத் தொடங்கினார்.

நோய் என்றால் பொறுப்பு இல்லையா?

மற்றொரு எதிர்வாதம் இதனினும் கூர்மையானது. நோய் என்று சொல்லிவிட்டால் அவன் செய்ததெல்லாம் சரியாகிவிடுமா என்று அடிபட்ட மனைவி கேட்கிறார். அவர் கேட்பது நியாயம். குடித்துவிட்டு வண்டி ஓட்டிப் பிறர் உயிருக்கு ஆபத்து விளைவிப்பது பெருங்குற்றம் என்றே 1992-இல் வெளிவந்த திருச்சபையின் மறைக்கல்வி 2290-ஆம் எண்ணில் கற்பிக்கிறது. அதே நூல் 1735-ஆம் எண்ணில், பழக்கமும் ஒழுங்கற்ற பற்றுதலும் ஒரு செயலுக்கான பொறுப்பைக் குறைக்கக்கூடும் என்றும் கற்பிக்கிறது. இரண்டையும் ஒருசேரப் பிடித்துக்கொள்வதே கத்தோலிக்க நெறி. நீரிழிவு நோயாளி நோய் வந்ததற்காகக் குற்றவாளி ஆவதில்லை. மருந்து உண்ணவும் உணவைக் கட்டுப்படுத்தவும் கடமைப்பட்டவர் ஆகிறார். குடிநோயாளியும் சிகிச்சையைத் தேடிக்கொள்ளக் கடமைப்பட்டவரே.

கூர்ந்து நோக்கினால், மறுவாழ்வு சத்தியத்தைவிட மிகக் கடினமானதைக் கேட்கிறது. சத்தியம் இரண்டு நிமிடப் பணிவை மட்டும் கேட்கிறது. மறுவாழ்வு மையமோ தன் கதையை ஒளிவின்றிச் சொல்லும் வாரக்கணக்கான நேர்மையைக் கேட்கிறது. ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் இயக்கத்தின் 12 படிகளுள், தான் யார் யாருக்குத் தீங்கிழைத்தோம் என்று பட்டியலிடுவதும், இயன்ற இடத்தில் நேரடியாக ஈடுசெய்வதும் அடங்கும். ஒப்புரவு அருட்சாதனத்தில் பரிகாரம் என்று நாம் அழைப்பதற்கு இது அண்டை வீடன்றோ!

மையத்தில் நடப்பது என்ன?

மறுவாழ்வு மையம் என்றால் அடைத்து வைக்கும் இடம் என்றே பலர் எண்ணுகின்றனர். நல்ல மையத்தில் நடப்பதை வரிசையாகச் சொல்கிறேன். முதற்கட்டம் மருத்துவம். ஏறத்தாழ ஒரு வாரம், மேலே சொன்ன ஆபத்துகள் நேராதபடி மருத்துவர் மேற்பார்வையில் உடல் மதுவிலிருந்து விடுவிக்கப்படுகிறது. கல்லீரலும் இதயமும் ஆராயப்படுகின்றன. இரண்டாம் கட்டம் ஆற்றுப்படுத்துதல். தனிப்பட்ட உரையாடலும், தம்மையொத்த நோயாளிகளுடன் குழு உரையாடலும் நாள்தோறும் நடக்கின்றன. எந்த நேரத்தில், எந்தத் தெருமுனையில், எந்த மனநிலையில் கை பாட்டிலைத் தேடுகிறது என்பதை அவர் அடையாளம் காண்கிறார். சம்பள நாளில் என்ன செய்வது, பழைய நண்பர் அழைத்தால் என்ன சொல்வது என்று முன்கூட்டியே பழகுகிறார். மூன்றாம் கட்டம் குடும்பத்துக்குரியது. மனைவி குற்றவாளி அல்லர், அவருடைய அன்புக் குறைவால் இந்நோய் வரவில்லை என்று அவருக்கு எடுத்துரைக்கப்படுகிறது. நான்காம் கட்டம் வீடு திரும்பியபின் ஆண்டுக்கணக்கில் தொடரும் கண்காணிப்பு.

சென்னையில் 1980-இல் சாந்தி ரங்கநாதன் அவர்கள், தம் கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த துயரத்திலிருந்து, டி.டி. ரங்கநாதன் பெயரால் தொடங்கிய மருத்துவமனை இம்முறையைத் தமிழகத்தில் வேரூன்றச் செய்தது. மும்பையில் 1981-இல் கிருபா அறக்கட்டளையைத் தொடங்கிய அருட்பணி ஜோ பெரேரா, தாமே குடிநோயிலிருந்து மீண்டவர். குருத்துவத் திருநிலைப்பாடு ஒருவரை இந்நோயிலிருந்து காப்பதில்லை என்பதற்கும், மீண்டு வந்த குரு ஆயிரம் பேருக்கு வழிகாட்ட இயலும் என்பதற்கும் அவர் சான்று.

இத்தனை வழிகள் இருந்தும், நான் மேலே குறிப்பிட்ட 2019-ஆம் ஆண்டு ஆய்வு, மதுவுக்கு அடிமைப்பட்ட 38 பேரில் ஒருவரே ஏதேனும் ஒரு சிகிச்சை பெற்றதாகக் கண்டது. எஞ்சிய 37 பேர் எங்கே போனார்கள்? அவர்களுள் எத்தனை பேரிடம் சத்தியம் வாங்கப்பட்டிருக்கும்!

போய் வந்தும் குடித்தானே!

ஐம்பதாயிரம் செலவழித்தோம், திரும்பி வந்து மூன்றாம் மாதம் குடித்துவிட்டான், இனி எதற்கு என்கிறவர்கள் உண்டு. தூய்மையாகக் கூட்டி அலங்கரிக்கப்பட்டு வெறுமையாய்க் கிடந்த வீட்டிற்கு, வெளியேறிய தீய ஆவி ஏழு துணையோடு திரும்பி வந்ததைப் பற்றி ஆண்டவர் சொன்ன உவமை நமக்குத் தெரியும். மையம் வீட்டைக் கூட்டித் தருகிறது. அதை நிரப்பும் பொறுப்பு யாருடையது? மையத்திலிருந்து வந்தவருக்கு நாம் தந்தது என்ன? பழைய பெயர், பழைய நண்பர்கள், தினமும் பையைச் சோதிக்கும் சந்தேகம், வேலை தர மறுக்கும் முதலாளிகள். திரும்பக் குடித்தல் இந்நோயின் இயல்பில் அடங்கியது. இரத்த அழுத்தம் மீண்டும் ஏறியவரை மருத்துவமனையிலிருந்து நாம் விரட்டுவதில்லை. மருந்தை மாற்றி மீண்டும் தொடங்குகிறோம். இவருக்கும் அதுவே முறை.

மற்றொரு பக்கம், பொறுமையிழந்த குடும்பங்கள் தவறான குறுக்குவழிகளில் செல்கின்றன. குழம்பில் யாருக்கும் தெரியாமல் கலந்து கொடுக்கும் பொடிகள் விளம்பரப்படுத்தப்படுகின்றன. டைசல்பிரம் என்ற மருந்தை உண்டவர் மது அருந்தினால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, இரத்த அழுத்தம் வீழ்ந்து உயிராபத்தும் நேரலாம். நோயாளியின் ஒப்புதலோடு மருத்துவர் தரவேண்டிய அம்மருந்தை மறைவாகக் கொடுப்பது விஷமிடுவதற்குச் சமம். இன்னும் சிலர், இரவோடிரவாக ஆள் அனுப்பித் தூக்கிச் சென்று, சங்கிலியிட்டு அடிக்கும் இல்லங்களில் கொண்டுபோய்ச் சேர்க்கின்றனர். 2001 ஆகஸ்டு 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் மாண்டதை நாம் மறந்துவிடலாகாது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் மது, போதைப்பொருள் சார்ந்த மனநோய்களையும் தன்னுள் அடக்குகிறது. சங்கிலியிடுவதை எவ்வகையிலும் தடைசெய்கிறது. ஒரு மையத்தில் சேர்க்குமுன், அது முறையாகப் பதிவு பெற்றதா, மருத்துவர் இருக்கிறாரா, குடும்பத்தார் வந்து பார்க்க அனுமதி உண்டா என்ற மூன்று கேள்விகளையேனும் கேளுங்கள்.

பங்கு செய்யவேண்டியது

அரசைக் குறைகூறுவது எளிது, குறைகூறவும் வேண்டும். 1983-இல் தொடங்கப்பட்ட டாஸ்மாக் நிறுவனம் 2003-இல் சில்லறை விற்பனையையும் கையில் எடுத்தது. 2023-24 நிதியாண்டில் மதுவால் அரசுக்கு வந்த வருவாய் 45,000 கோடி ரூபாய்க்கு மேல். ஒரு கையால் நோயை விற்று மறு கையால் விழிப்புணர்வுப் பலகை வைப்பது வெட்கக்கேடு. ஆனால் நம் திருவிழாக் கமிட்டிக் கூட்டம் முடிந்தபின் கொட்டகைக்குப் பின்னால் திறக்கப்படும் பாட்டில்களுக்கு எந்த அரசு பொறுப்பு? திருமுழுக்கு விருந்திலும் துக்க வீட்டிலும் ஊற்றிக் கொடுப்பதை மரியாதை என்று நினைப்பவர் யார்?

ஆகவே என் பரிந்துரைகள் இவை. எந்தக் குருவும் எந்தப் பெரியவரும் குடிநோயாளியிடம் சத்தியம் கேட்கவேண்டாம். அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கோ நம்பத்தகுந்த மையத்திற்கோ அவரோடு கூடவே செல்லட்டும். 14446 என்ற கட்டணமில்லா உதவி எண்ணை ஆலய அறிவிப்புப் பலகையில் எழுதி வையுங்கள். கூலி வேலை செய்பவர் ஒரு மாதம் மையத்தில் தங்கினால் அவர் வீட்டில் அடுப்பு எரியாது. அம்மாதத்திற்கான அரிசியையும் பிள்ளைகளின் பள்ளிச் செலவையும் வின்சென்ட் தே பால் சபையினர் ஏற்றுக்கொள்ளட்டும். மறைக்கல்வி வகுப்பு நடக்கும் அறை வாரத்தில் ஆறு நாள் பூட்டிக் கிடக்கிறது. ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டத்திற்கு அதன் சாவியைக் கொடுப்போம். குரு அங்கே தலைமை தாங்க வேண்டியதில்லை. சாவியைக் கொடுத்துவிட்டு விலகி நிற்கட்டும். குடிநோயாளிகளின் குடும்பத்தாருக்காக 1951 முதல் இயங்கும் அல்-அனான் குழுக்களையும் வரவேற்போம். மீண்டு வந்து 20 நாள்கூட ஆகாதவரைத் தியானக் கூட்ட மேடையில் ஏற்றிச் சாட்சியம் சொல்லச் செய்யும் வழக்கமும் நிற்கட்டும். கைதட்டல் ஓய்ந்த இரவில் அவர் தனியாக இருப்பார். மேடைக்குப் பதிலாக அவருக்கு அன்பியத்தில் ஒரு நாற்காலி கொடுங்கள். ஒரு வேலை தேடிக் கொடுங்கள். மாலை ஏழு மணிக்குக் கதவைத் தட்டி, நடந்து வரலாமா என்று கேளுங்கள்.

கல்லறையிலிருந்து இலாசரை வெளியே அழைத்தவர் ஆண்டவர். கட்டுகளை அவிழ்க்கும் வேலையை அவர் சுற்றி நின்றவர்களிடம் விட்டார். இலாசரே தம் கட்டுகளை அவிழ்த்துக்கொள்ளட்டும் என்று அவர் சொல்லவில்லை. இனி இறக்கமாட்டேன் என்று சத்தியமும் கேட்கவில்லை. நம் தெருவில், நம் அன்பியத்தில், நம் வீட்டுத் திண்ணையில் கட்டுண்டு கிடப்பவர் யாரென்று நாம் அறிவோம். வரும் ஞாயிறு அவரை ஆலயத்திற்கு இழுத்துவர வேண்டாம். திங்கட்கிழமை காலை, அவரோடு மருத்துவமனைக்குப் பேருந்து ஏறுங்கள்.